உங்கள் திரை அவருக்குத் தெரியாது

நான் அனுப்பிய முதல் பிழை அறிக்கை ஒரே வரிதான்: "பிடிஎஃப் கோப்பில் தமிழ் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்." அப்போது ஒரு சிற்றிதழுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் பிடிஎஃபில் "கொற்றவை" என்ற சொல்லைத் தேடினார். பக்கத்தில் கண்ணெதிரே இருந்த சொல் தேடலில் அகப்படவில்லை. இரவு பதினொரு மணி, மறுநாள் அச்சு. எரிச்சலில் அந்த வரியைத் தட்டி அனுப்பிவிட்டுப் படுத்தேன். இரண்டு நாளில் இரண்டு கேள்விகளோடு பதில் வந்தது. எந்தப் பதிப்பு? எந்த எழுத்துரு? அதற்குள் இதழ் அச்சாகிவிட்டதால் நான் பதில் எழுதவில்லை. சில மாதங்களில் "போதிய விவரம் இல்லை" என்று அறிக்கையை மூடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு அதே இதழ், அதே சொல், அதே பிழை. கேட்டவருக்கு நான் பதில் சொல்லாமல் விட்டது அப்போதுதான் உறைத்தது.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கான அத்தியாயம் இது. லிபர் ஆபீஸிலோ ஃபயர்பாக்ஸிலோ விஎல்சியிலோ ஜிம்ப்பிலோ அன்றாட வேலை செய்கிறீர்கள், ஏதோ ஒன்று கோணலாக நடக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு எழுதலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்றினாலும், அங்கே பேசுவதற்கு நமக்கு என்ன தகுதி என்று தயங்கிவிடுகிறார்கள். இந்தத் தயக்கம் தேவையே இல்லாதது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயங்குதளம் (பின்னாளில் லினக்ஸ்) எழுதிக்கொண்டிருப்பதாக முதன்முதலில் வெளியில் சொன்ன கடிதமே பயனர்களிடம் கேட்ட ஒரு கேள்விதான். மினிக்ஸ் இயங்குதளத்தில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டிருந்தார். பயனர் வந்து சொல்வார் என்ற எதிர்பார்ப்பு கட்டற்ற மென்பொருளின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

உங்கள் அறிக்கையைப் பெறுபவர் எங்கோ ஓர் ஊரில், பல நேரம் தன் சம்பள வேலையை முடித்துவிட்டு வந்து, அந்த வரிகளைப் படிக்கிறார். உங்கள் திரை அவருக்குத் தெரியாது. எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், அதற்கு முன் என்ன திறந்திருந்தது, எதுவும் தெரியாது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. திரையைப் படம்பிடித்து அனுப்பினாலும் அதில் எது தவறு என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டுமா பின்னால் நிற்க வேண்டுமா, புள்ளி எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் நமக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம், அவருக்கு வெறும் கோடுகள். அந்த உரையாடலில் தமிழை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பிழை இருப்பதே அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிழை யாருடையது?

எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் செலவிடுங்கள். இந்த வேலைகளில் எதற்கும் நிரலறிவு வேண்டாம்.

திரையில் ஓர் எழுத்து தோன்றுவதற்குப் பின்னால் நாலைந்து கைகள் இருக்கின்றன. விசைப்பலகை மென்பொருள் நீங்கள் தட்டியதை யூனிகோட் எண்களாக மாற்றுகிறது. கோப்பில் சேமிக்கப்படுவது அந்த எண்கள்தான். அவற்றை எந்த வரிசையில், எந்த வடிவத்தில் அடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய இன்னொரு மென்பொருள் இருக்கிறது. கட்டற்ற உலகில் பெரும்பாலும் அது ஹார்ஃப்பஸ். லிபர் ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் எழுத்துகளைக் கோத்துக் கொடுப்பது இதுவே. வடிவங்கள் எழுத்துருவிலிருந்து வருகின்றன. கடைசியில்தான் நீங்கள் பெயர் சொல்லித் திட்டும் அந்த மென்பொருள் அதைத் திரையில் வைக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரியாமல் எழுதினால் அறிக்கை தவறான வீட்டுக் கதவைத் தட்டும்.

முதலில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். லோகித் தமிழில் பிழையாகத் தெரிந்த சொல் நோட்டோவில் சரியாகத் தெரிந்தால் எழுத்துருவின் மேல்தான் முதல் சந்தேகம். இரண்டு எழுத்துருவிலும் கோணினால், அதே சொல்லை நகலெடுத்து இன்னொரு மென்பொருளில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் முதல் மென்பொருள். எல்லா இடத்திலும் தவறு என்றால் சிக்கல் அடியில், உங்கள் கோப்பிலேயேகூட, இருக்கலாம்.

கோப்பிலேயே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கலாம். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றையே வைக்கலாம். பதின்ம எண்ணில் சொன்னால் 2965, 3018. அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக வைக்கலாம்: 2965, 3014, 3006. இரண்டும் ஒன்றே என்றுதான் யூனிகோட் விதி சொல்கிறது. அந்த விதியைப் பின்பற்றாத மென்பொருளில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. "ஸ்ரீ" இன்னும் தந்திரமானது. 2005இல் யூனிகோட் 4.1 பதிப்பில் "ஶ" என்ற எழுத்து சேர்ந்தபிறகு, அதை வைத்தும் எழுதலாம், பழையபடி "ஸ" வைத்தும் எழுதலாம் என்றாகிவிட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒரே வடிவம். இங்கே இரண்டும் ஒன்று என்று யூனிகோட் விதியும் இல்லை. ஆகவே சந்தேகத்துக்குரிய சொல்லை வேறொரு விசைப்பலகையில் மீண்டும் தட்டிப் பார்ப்பது பலன் தரும். லிபர் ஆபீஸ் ரைட்டரில் எழுத்தை அடுத்துக் கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தினால், அது பதினறும எண்ணாக மாறும். மறுபடி அழுத்தினால் எழுத்தாகிவிடும். தமிழ்ப் பிழைகளை ஆராய இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது.

என் பிடிஎஃப் சிக்கலும் இந்த வகையைச் சேர்ந்ததே. பிடிஎஃப் கோப்பு அடிப்படையில் எந்த வடிவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்ற குறிப்பு. "கொ" அதில் இடமிருந்து வலமாகக் கொம்பு, க, கால் என்று நிற்கிறது. கோப்பை உருவாக்கிய மென்பொருள் மூல எழுத்து வரிசையையும் உள்ளே குறித்து வைக்காவிட்டால், தேடும்போது கணினிக்குக் கிடைப்பது கொம்பில் தொடங்கும் ஒரு சொல். நான் தட்டியதோ ககரத்தில் தொடங்கும் சொல். எப்படிச் சேரும்? இந்த விளக்கத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் முறை நான் ஒழுங்காக எழுதிய அறிக்கைக்குப் பதில் எழுதியவர் சொல்லிக்கொடுத்தது.

அடுத்து, நீட்சிகளும் பழைய அமைப்புகளும் குற்றவாளியா என்று பாருங்கள். லிபர் ஆபீஸில் உதவிப் பட்டியலின் கீழ் பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்யும் வசதி இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் நீட்சிகளை நிறுத்திவிட்டுத் திறக்கும் சிக்கல் தீர்க்கும் முறை உண்டு. அங்கே பிழை மறைந்தால் நீங்கள் சேர்த்த ஏதோ ஒன்றுதான் காரணம்.

கடைசியாகப் பதிப்பு. லிபர் ஆபீஸ் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பெரிய பதிப்பு வெளியிடுகிறது. 2024இலிருந்து பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் வருவதால் (24.2 என்பதுபோல) உங்களிடம் இருப்பது எவ்வளவு பழையது என்று உடனே தெரியும். நீண்டகால ஆதரவு உள்ள உபுண்டு போட்டிருந்தால் உங்கள் கணினியில் இருப்பது இரண்டு மூன்று ஆண்டுப் பழையதாக இருக்கக்கூடும். நிறுவாமலே ஓடும் ஆப்இமேஜ் கோப்பாகப் புதிய பதிப்பை இறக்கி, அதில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏற்கெனவே சரியாகிவிட்ட பிழையைப் பற்றி எழுதுவது எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் வீண் உழைப்பு.

எந்தக் கதவு

பிழைகளைப் பதியும் தளம் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு. லிபர் ஆபீஸுக்கு அதை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லா. ஃபயர்பாக்ஸுக்கு மோசில்லாவின் பக்ஸில்லா. கேடிஇக்குத் தனியாக ஒன்று. க்னோம் திட்டத்துக்குக் கிட்லேப். சிறிய மென்பொருள்கள் பலவும் கிட்ஹப்பில். டெபியன் லினக்ஸ் தரும் தொகுப்பில்தான் சிக்கல் என்றால் டெபியனுக்கு. அதற்கென்றே "ரிப்போர்ட்பக்" என்ற சிறு கருவி இருக்கிறது. தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் பதிப்பு விவரங்களை அதுவே சேர்த்து மின்னஞ்சலாக அனுப்பிவிடும். பட்டியலில் ஒரு சொல் தமிழில் தவறாக இருக்கிறது என்றால் அது நிரல் பிழை ஆகாது, மொழிபெயர்ப்புக் குழுவுக்குப் போக வேண்டியது. லிபர் ஆபீஸுக்கு வெப்லேட் தளத்திலும் ஃபயர்பாக்ஸுக்குப் பொன்டூன் தளத்திலும் நீங்களே திருத்தத்தைப் பரிந்துரைக்கலாம்.

எழுதுவதற்கு முன் தேடுங்கள். அதே பிழையை வேறொருவர் சொல்லியிருந்தால் அங்கே உங்கள் பதிப்பையும் சோதனை முடிவையும் சேர்ப்பது புதிதாக ஒன்று தொடங்குவதைவிட மேல். "எனக்கும் இதே பிரச்சினை" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த ஒற்றை வரி நூறு பேருக்கு மின்னஞ்சலாகப் போகிறது. இந்த வகைக் கருத்துகளின் பெருக்கத்தால்தான் 2016 மார்ச்சில் கிட்ஹப் கட்டைவிரல் குறியைக் கொண்டுவந்தது. அதை அழுத்தினால் போதும். இந்தத் தேடலில் தமிழ் என்று மட்டும் தேடாமல் இந்தி, மலையாளம், வங்காளம் என்றும் தேடிப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கும் வழக்கம் மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் உண்டு. நம் பிழையை அவர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள்.

எழுதுவது

தலைப்பில் தொடங்குவோம். "தமிழ் வேலை செய்யவில்லை" என்பது தலைப்பாகாது. பிழை எங்கே, என்ன என்பது இரண்டும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும். உள்ளே நாலு பகுதி: செய்த படிகள், நடந்தது, நடந்திருக்க வேண்டியது, கணினி விவரம். ஒரு மாதிரி தருகிறேன். இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். ஆனால் முதலில் தமிழில் எழுதிக்கொள்வதே நல்லது, யோசனை தெளிவாகும்.

தலைப்பு: தேடல், தமிழ் ஒகரக் குறியை ஒரு குறியீட்டு முறையில் மட்டுமே கண்டுபிடிக்கிறது

படிகள்:
1. இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும். அதில் இரண்டு வரிகள். இரண்டும் பார்வைக்கு "கொடி" என்றே இருக்கும்.
2. முதல் வரியில் உள்ள சொல்லை நகலெடுக்கவும்.
3. தேடல் பெட்டியில் ஒட்டி, எல்லாவற்றையும் தேடு என்பதை அழுத்தவும்.

நடந்தது: முதல் வரி மட்டும் அகப்படுகிறது.

நடந்திருக்க வேண்டியது: இரண்டு வரிகளும் அகப்பட வேண்டும். முதல் வரியில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் (3018) இரண்டாம் வரியில் இரண்டு குறியீடாகவும் (3014, 3006) உள்ளது. யூனிகோட் விதிப்படி இவை சமம். தமிழ் படிப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

விவரம்: மென்பொருளின் பதிப்பு, இயங்குதளம், எழுத்துரு, விசைப்பலகை. வேறு எழுத்துருவிலும் இதே முடிவு. பாதுகாப்பு முறையிலும் இதே முடிவு.

அவ்வளவுதான். தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத ஒருவர் இதை வைத்துக்கொண்டு பிழையைத் தன் கணினியில் நடத்திப் பார்க்க முடியும். அப்படி நடத்திப் பார்க்க முடிகிற பிழை பாதி தீர்ந்த மாதிரி. லிபர் ஆபீஸில் "உதவி" பட்டியலின் கீழ் உள்ள "பற்றி" பெட்டியில் பதிப்பு விவரம் முழுவதையும் ஒரே அழுத்தில் நகலெடுக்கலாம். ஃபயர்பாக்ஸிலும் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கம் அதே வேலையைச் செய்யும். "லேட்டஸ்ட் வெர்ஷன்" என்று எழுதிவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு அது எந்தப் பதிப்பு என்று எப்படித் தெரியும்?

படம் இணைக்கும்போது இரண்டு இணையுங்கள். ஒன்று தவறான திரை, தவறு நடந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு. மற்றொன்று சரியான தோற்றம். வேறொரு மென்பொருளில் சரியாகத் தெரிவதைப் படம்பிடிக்கலாம், அச்சிட்ட புத்தகத்திலிருந்து அந்த ஒரு சொல்லைப் படமெடுக்கலாம், இல்லையென்றால் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதிப் படமெடுக்கலாம். நான் இரண்டாம் அறிக்கைக்குத் தாளில்தான் எழுதி அனுப்பினேன். எந்தத் தொழில்நுட்பச் சொல்லும் விளக்காததை அந்தத் தாள் விளக்கியது. படத்தோடு எழுத்தாகவும் சொல்லை இட வேண்டும். படத்திலிருந்து யாரும் தமிழைத் தட்டி எடுக்க முடியாது.

கோப்பைச் சிறிதாக்குங்கள். முந்நூறு பக்க நாவலை இணைக்காதீர்கள். பாதியை அழித்துப் பாருங்கள், பிழை இருக்கிறதா? மீதியில் பாதியை அழியுங்கள். இப்படியே போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு வரியில் வந்து நிற்பீர்கள். பிழை அறிக்கை தொடர்பான வேலைகளில் இதுதான் மிகவும் மதிப்புள்ளது என்பேன். பல நேரம் இதைச் செய்யும்போதே காரணம் புலப்பட்டுவிடும்.

புட்டி மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம் 1999இல் பிழைகளை எப்படித் தெரிவிப்பது என்று ஒரு கட்டுரை எழுதினார். கண்டதையும் ஊகித்ததையும் கலக்காதீர்கள் என்பது அதில் அவர் வற்புறுத்தும் ஒன்று. "ஹார்ஃப்பஸ்ஸில் கோளாறு" என்பது ஊகம். "கொம்பு ககரத்துக்குப் பின்னால் வருகிறது" என்பது கண்டது. ஊகம் இருந்தால் தனியாக, கடைசியில், ஊகம் என்று சொல்லி எழுதுங்கள். மருத்துவரிடம் போய் "எனக்கு அல்சர்" என்று தொடங்குபவரைவிட "சாப்பிட்ட அரை மணியில் இந்த இடத்தில் எரிகிறது" என்பவருக்குச் சீக்கிரம் வைத்தியம் கிடைக்கும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் ஆங்கிலத்தை அங்கே யாரும் அளப்பதில்லை. படிப்பவருக்கே பல நேரம் தாய்மொழி ஜெர்மனாகவோ பிரெஞ்சாகவோ பாரசீகமாகவோ இருக்கும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, அது போதும். மொழிபெயர்ப்புக் கருவியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் செயற்கை நுண்ணறிவை அறிக்கையையே எழுத வைக்காதீர்கள். நீங்கள் பார்க்காத படிகளையும் நடக்காத விளைவுகளையும் அது சரளமாகச் சேர்த்துவிடும். கர்ல் மென்பொருளை 1998 முதல் பராமரித்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், இப்படி வந்து குவியும் போலி அறிக்கைகள் எவ்வளவு நேரத்தைத் தின்கின்றன என்று 2024 ஜனவரியில் வெளிப்படையாகவே எழுதினார். நேர்மையான நாலு தப்பும் தவறுமான வாக்கியங்கள் அவர்களுக்கு மேல்.

முதல் அறிக்கைக்கு ஒரு துணை வேண்டுமென்றால் கேளுங்கள். 2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இதழைச் சுற்றி உள்ளவர்கள், விழுப்புரம், காஞ்சிபுரம், சென்னை என்று ஊர்தோறும் உள்ள லினக்ஸ் பயனர் குழுவினர் இதில் பழகியவர்கள். தமிழில் எழுதிக் காட்டினால் வழி சொல்வார்கள்.

எப்படிப் பேசுவது

நம் வழக்கில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசும். அங்கே பெயர்தான் வழக்கம், "சார்" வேண்டாம். பெயர் தெரியாவிட்டால் விளிக்காமலே தொடங்கலாம். "அவசரம்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் அவசரம் உண்மையானதாகவே இருக்கும், எனக்கும் அன்றிரவு அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்பவர் உங்களிடம் ஒரு காசும் வாங்கியவரல்ல.

இதை நான் வெறும் பண்புக்காகச் சொல்லவில்லை. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவி உலகின் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உண்டு. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் என்ற ஒரே ஒருவர். 2022இல் அந்தத் திட்டத்தின் மடலாடற்குழுவுக்குச் சாதாரணப் பயனர்கள் எழுதுவதுபோல் சில கடிதங்கள் வந்தன. ஏன் இவ்வளவு மெதுவாக வேலை நடக்கிறது, முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று. இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், தன் மனநலமும் நீண்டகாலமாகச் சரியில்லை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். கடிதங்கள் நிற்கவில்லை. உதவிக்கு வந்து நின்ற "ஜியா டான்" என்ற கணக்குக்கு மெல்ல மெல்லப் பொறுப்புகள் கைமாறின. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் அடுத்த 5.6.1 பதிப்பிலும் அந்தக் கணக்கு ஒரு ரகசியக் கதவை ஒளித்து வைத்திருந்தது. நெருக்கிய அந்தக் கடிதங்களும் அதே சதித் திட்டத்தின் பகுதி என்றே பின்னர் ஆராய்ந்த பலர் கருதுகிறார்கள்.

அந்தக் கடிதங்கள் யாருக்கும் சந்தேகத்தைக் கிளப்பாமல் போனதற்குக் காரணம், அவை நாள்தோறும் வரும் உண்மையான பயனர்களின் கடிதங்களைப் போலவே இருந்தன. இது என்னை உலுக்கியது. என் முதல் அறிக்கையின் "உடனே சரிசெய்யவும்" அந்தக் கூட்டத்தில் வித்தியாசமில்லாமல் கலந்திருக்கும்.

அந்தக் கதவைக் கண்டுபிடித்த விதத்தையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் எக்ஸ்இசட்டின் பக்கமே போனவரல்ல. வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது தன் டெபியன் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். 0.3 நொடியில் முடிவது 0.8 நொடி எடுத்தது. அவர் அதைத் தள்ளிவிடாமல் துருவிப் போய், 2024 மார்ச் 29 அன்று தான் கண்டதை அளவுகளோடு எழுதிப் பொதுவில் வைத்தார். அவர் தேர்ந்த நிரலர் என்பது உண்மை. ஆனால் தொடக்கத்தில் அவரிடம் இருந்தது "இது நேற்றுவரை இப்படி இல்லையே" என்ற உணர்வு. அன்றாடம் ஒரு மென்பொருளோடு வாழும் எவருக்கும் அது உண்டு.

மின்னஞ்சல் வழியாகவே பேசும் திட்டங்களில், உதாரணமாக லினக்ஸ் கருவகத்திலும் டெபியனிலும், சில வழக்கங்கள் உண்டு. வண்ணமும் வடிவமும் இல்லாத வெறும் எழுத்தாக அனுப்புங்கள். கருவகத்தின் மடலாடற்குழு வேறு வடிவத்தை ஏற்பதே இல்லை. எல்லாருக்கும் பதில் என்பதை அழுத்துங்கள். முந்தைய கடிதத்தில் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றின் கீழே பதிலை எழுதுங்கள்.

இவை அனைத்தும் பொதுவில் கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம். டெபியனுக்கு எழுதினால் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் யாரும் பார்க்கும்படி இருக்கும். இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. இணைக்கும் கோப்பில் வாடிக்கையாளர் பெயர், ஆதார் எண், மாணவர் மதிப்பெண் எதுவும் இருக்கக் கூடாது. அடுத்தவர் தரவைத் திருட வழிசெய்யும் பிழை ஒன்றைத் தற்செயலாகக் கண்டால் அதை மட்டும் பொதுவில் எழுதாதீர்கள். ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் பாதுகாப்புச் சிக்கல்களைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரி இருக்கும்.

அனுப்பிய பிறகு

வரும் பதில்கள் சுருக்கமாக, சில நேரம் ஒற்றைச் சொல்லாக இருக்கும். அவற்றைக் கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவை அலுவலக முத்திரைகள் போல. "டூப்ளிகேட்" என்றால் முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள், அந்த எண்ணைப் பின்தொடருங்கள். "ஒர்க்ஸ் ஃபார் மீ" என்றால் அவர் கணினியில் பிழை வரவில்லை. இதைப் "பொய் சொல்கிறாய்" என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்பது ஒன்றே: உங்களிடம் இருந்து அவரிடம் இல்லாதது எது? எழுத்துருவா, இயங்குதளமா, விசைப்பலகையா? "வோன்ட்ஃபிக்ஸ்" என்றால் பிழை உண்டு, ஆனால் திருத்தப்போவதில்லை. காரணம் சொல்லியிருந்தால் படியுங்கள். ஏற்க முடியாவிட்டால் ஒரே ஒரு முறை, தமிழ் படிப்பவர்களுக்கு அதனால் என்ன நின்றுபோகிறது என்பதை உதாரணத்தோடு எழுதலாம். எத்தனை கோடிப் பேர் தமிழ் பேசுகிறோம் என்று எழுதிப் பயனில்லை. ஒரு பள்ளியில் வினாத்தாள் எப்படித் தவறாக அச்சாகிறது என்று எழுதினால் பயனுண்டு.

எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டியது "நீட்இன்ஃபோ". பந்து உங்கள் பக்கம் இருக்கிறது என்று பொருள். லிபர் ஆபீஸில் இந்த நிலையில் பல மாதம் பதில் இல்லாமல் கிடந்தால் அறிக்கை தானாகவே மூடப்பட்டுவிடும். என் முதல் அறிக்கை செத்தது இந்த வகையில்தான். பதில் தெரியாவிட்டாலும் "சோதித்துப் பார்க்கத் தெரியவில்லை, எப்படி என்று சொல்லுங்கள்" என்று எழுதுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள்.

லிபர் ஆபீஸில் புதிய அறிக்கை முதலில் "உறுதிப்படாதது" என்ற நிலையில் இருக்கும். வேறொருவர் தன் கணினியில் அதை நடத்திப் பார்த்து ஆம் என்ற பிறகுதான் அடுத்த நிலைக்குப் போகும். தமிழ்ப் பிழைகள் இங்கேதான் தேங்குகின்றன. உறுதிப்படுத்தத் தமிழ் தெரிந்தவர் யாரும் வருவதில்லை. ஆகவே நீங்கள் ஓர் அறிக்கை எழுதினால், தமிழ் தொடர்பான வேறு இரண்டு பழைய அறிக்கைகளைத் திறந்து உங்கள் கணினியில் சோதித்து முடிவை எழுதிவிட்டு வாருங்கள். நிரல் எழுதத் தெரியாதவர் செய்யக்கூடிய பெரிய உதவி இது. இதற்கு ஆள் மிகக் குறைவு.

காத்திருப்பு நீளலாம். ஓராண்டும் ஆகலாம். நடுவில் "என்ன ஆயிற்று" என்று கேட்பதைவிட, புதிய பதிப்பு வரும்போது அதில் சோதித்து "இந்தப் பதிப்பிலும் இருக்கிறது" என்று எழுதுவது நல்லது. அது நினைவூட்டலும் ஆகும், தகவலும் ஆகும். பிழை திருத்தப்பட்டது என்று செய்தி வந்தால் அன்றாடச் சோதனைப் பதிப்பை இறக்கி உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் பதிப்பு எண்ணோடு உறுதிசெய்து எழுதுங்கள், நன்றி சொல்ல அதுவே இடம். சரியாக இல்லாவிட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவர் திருத்திய தமிழ் அது. சரியாக வந்திருக்கிறதா என்று தானாகப் பார்க்க அவருக்கு வழியில்லை.

அறிக்கைக்காக நீங்கள் செய்த அந்தச் சின்னக் கோப்பை அழிக்காதீர்கள். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இப்போது பதினான்கு வரி. "கொற்றவை" இரண்டு விதமாக, "ஸ்ரீ" இரண்டு விதமாக, ஔகாரமும் ஒற்றைக் கொம்பும் ளகரமும் அடுத்தடுத்து, ஒரு தமிழ் எண், வரி முடிவில் உடையும் ஒரு நீண்ட சொல். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதிய பதிப்பு வந்ததும் முதலில் திறப்பது அதைத்தான். திறந்து, பிடிஎஃப் ஆக்கி, முதல் வரியைத் தேடிப் பார்த்துவிட்டு மற்ற வேலைக்குப் போகிறேன்.